புகைவீட்டார் போட்ட நம்பர்

கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் எத்தனை நிறம் இருக்கிறது என்று எண்ணிச் சொல்லக்கூடிய மனிதர் இந்த நெகிரி செம்பிலான் மாநிலத்திலேயே ஒருவர்தான். பதினொன்று என்பார். பன்னிரண்டாவதும் ஒன்று உண்டாம்; அது மழை மூட்டத்தில் மட்டும் கண்ணில் படுமாம். நம்பாதவர்கள் சிரம்பானில் இருக்கும் என் கடைக்கு வரலாம். செவ்வாய்க்கிழமை காலையில் பசியாறிவிட்டு வந்தால் ஆளையே காட்டுவேன்.

அவரை எல்லோரும் புகைவீட்டார் என்பார்கள். தம்பின் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ரப்பர் ஷீட்டுகளைப் புகை போட்டுக் காயவைக்கும் புகைவீட்டில் நெருப்புத் தள்ளும் ஆளாகச் சேர்ந்து, பிறகு காய்ந்த ஷீட்டுகளுக்கு நம்பர் போடும் ஆளாக உயர்ந்தவர். ஷீட்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பார். அழுக்கு, குமிழ், கருகல் ஒன்றும் இல்லையென்றால் ஒன்றாம் நம்பர். இருந்தால் இரண்டு, மூன்று என்று ஐந்து வரைக்கும் இறங்கும். வேலையை விட்டு இருபது வருஷத்துக்கு மேலாகிறது. இப்போது ரஹாங்கில் மகள் வீட்டில் இருக்கிறார். நம்பர் போடுவதை மட்டும் விடவில்லை. ரொட்டி சானாய்க்கு நம்பர் போடுவார். மழைக்கு நம்பர் போடுவார். மகள் வைக்கும் மீன் குழம்புக்கு நம்பர் போட்டு, அன்று பட்டினி கிடந்ததாகவும் கேள்வி.

என் கடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாலாம் வகுப்போடு தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். லாரிக்கு நம்பர் எழுதினேன், கடைகளுக்குப் பலகை எழுதினேன், திருவிழாவுக்குத் துணியில் எழுதினேன். இன்று ஆள் உயரத்துக்குப் படம் அடிக்கும் மெஷின் வைத்திருக்கிறேன். அதோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை நான் திறந்ததே இல்லை. பொத்தானை ஒவ்வொன்றாக அமுக்கித் தெரிந்துகொண்டேன். அதில் இரண்டு மெஷின் செத்துப்போனது உண்மை. மூன்றாவது மெஷின் என்னைக் கண்டாலே ஒழுங்காக வேலை செய்யும்.

முதல் நாள் அவர் வந்தது அடையாள அட்டையை நகல் எடுக்க. நகலை நான் எடுத்துக்கொண்டிருக்கும்போதே, மேசைமேல் கிடந்த ஒரு கறுப்பு வெள்ளைக் கல்யாணப் படத்தைத் தூக்கினார். நான் பெருமையாக அடித்து, வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று வைத்திருந்த படம். அதை ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார். மோந்து பார்த்தார். முனையை மடக்கி விட்டுப் பார்த்தார். பிறகு மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்:

"மூணாம் நம்பர்."

"என்ன அண்ணே மூணு?"

"பச்சையா இருக்கு தவுக்கே." கடை முதலாளியை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"கறுப்பு வெள்ளை அண்ணே அது. பச்சை எங்கேயிருந்து வரும்?"

"அதத்தான்லா நானும் கேக்கறேன்."

கடைக்கு வெளியே இழுத்துக்கொண்டு போனார். ட்யூப் லைட்டுக்கு அடியில் பச்சை தட்டியது போலிருந்த படம், வெயிலில் லேசாகச் சிவந்து நின்றது. மாப்பிள்ளை உள்ளே இருக்கும்போது வயிற்று வலிக்காரன் மாதிரியும், வெளியே வந்தால் வெட்கப்படுகிறவன் மாதிரியும் இருந்தான். ஐந்து வருஷமாக நான் அடித்த கறுப்பு வெள்ளைப் படமெல்லாம் கலர் மைகளைக் கலந்து மெஷின் பண்ணிய கறுப்பு. வெளிச்சம் மாறினால் அதுவும் மாறும். இது ஒரு படித்தவன் கண்ணிலும் பட்டதில்லை. என் கண்ணிலும்தான்.

அவர் சொன்னதற்காக நான் மெஷினை மாற்றவில்லை. அடுத்த மாதம் எனக்கே தோன்றித்தான் மாற்றினேன். புது மெஷினில் கறுப்பு தனி, சாம்பல் தனி, வெளிர் சாம்பல் தனி என்று மூன்று மை. முதல் படத்தை அடித்து அவர் கையில் கொடுத்தேன். வெயிலில் பிடித்தார், ட்யூப் லைட்டில் பிடித்தார், மோட்டார் சைக்கிள் விளக்கைப் போட்டு அதிலும் பிடித்தார்.

"ரெண்டரை," என்றார்.

"ரப்பருக்கு ரெண்டரை உண்டா அண்ணே?"

"கிடையாது. உனக்காகப் போட்டேன்."

அன்றிலிருந்து செவ்வாய்க்கிழமை தவறாமல் வந்துவிடுவார். வந்த இரண்டாம் வாரமே கடைக்குள் குறுக்காகக் கொடி கட்டினார். புதிதாக அடித்த படம் ஒரு நாள் தொங்கிக் காய்ந்தால்தான் அதன் உண்மையான கறுப்பு தெரியுமாம். சூட்டோடு பார்த்து நம்பர் போடுகிறவன் மடையனாம். கல்யாண ஜோடிகளும் காது குத்துப் பிள்ளைகளும் க்ளிப்பில் தொங்க, வருகிறவர்கள் குனிந்து குனிந்து உள்ளே வந்தார்கள். ஒரு மலாய்க்கார போலீஸ்காரர் தலையை உள்ளே நீட்டி, "இனி கெடாய் கம்பார் கா, டோபி கா?" என்று கேட்டார். படக்கடையா சலவைக்கடையா என்று ஒரு போலீஸ்காரர் கேட்டால் என்ன பதில் சொல்வது? "டுவா டுவா" என்றேன், இரண்டும்தான் என்று.

வாடிக்கையாளர்களிடமும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டார். செத்துப்போன அப்பாவின் படத்தைக் கொண்டுவந்த ஒருவர், நம் ஆட்கள் எல்லோரும் கேட்பது போல, "மூஞ்சியக் கொஞ்சம் வெள்ளையா ஆக்கிருங்க" என்றார். நானும் மவுசைக் கையில் எடுத்துவிட்டேன். பின்னாலிருந்து குரல் வந்தது:

"ஏன் தம்பி, அப்பா என்ன வேலை செஞ்சாரு?"

"ரப்பர் தோட்டத்துல பால் மரம் வெட்டுனாருங்க. முப்பது வருஷம்."

"முப்பது வருஷம் வெயில்ல நின்னு சேத்த கலரு. நீ ஒரு நிமிசத்துல அழிச்சிட்டுப் போயிருவியா?"

வந்தவர் படத்தை ஒரு தடவை எடுத்துப் பார்த்தார். "இருக்கிற மாதிரியே போட்டுருங்க" என்றார். அந்தப் படம் அருமையாக வந்தது. கன்னத்தில் மட்டும் நாலு சாம்பல் இருந்தது. புகைவீட்டார் எண்ணிக் காட்டினார். அதற்கும் இரண்டரைதான்.

இப்படிப்பட்டவருக்கு ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் பேச்சு எடுபடாமல் இருந்தது.

அவருடைய பழைய தோட்டத்தில் ஒரு கும்பல் படம் உண்டு. காலையில் பேர் கூப்பிடும் பெரட்டு முடிந்து, ஆட்களை வேலைக்கு அனுப்புவதற்கு முன்னால், தம்பினிலிருந்து வந்த ஸ்டூடியோக்காரர் எடுத்த படம். அதில் இருப்பவர்கள் இருபத்தேழு பேர். வலது ஓரத்தில் மரத்துக்கு அடியில் நிற்கும் இருபத்தெட்டாவது ஆள் தான்தான் என்று புகைவீட்டார் இத்தனை வருஷமாகச் சொல்லிவந்தார். படத்தைப் பார்த்தால் அங்கே ஒரு கறுப்புத் திட்டு மட்டும்தான் தெரியும்.

இந்த வருஷத் திருவிழாவுக்குள் அந்தப் படத்தைப் பெரிதாக அடித்து, கீழே பெயர்களைப் போட்டுக் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் மாட்ட வேண்டும் என்று கோயில் கமிட்டி முடிவு செய்தது. வேலை யாரிடம் வரும்? என்னிடம்தான். கமிட்டித் தலைவரே நேரில் வந்தார். படத்தின் நடுவில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் தண்டல், அதாவது ஆட்களை வேலை வாங்குகிறவர், அவருடைய அப்பா. அந்தக் கை கட்டு அப்படியே மகனுக்கும் வந்திருந்தது. அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை.

"எழுதிக்க. இருபத்தெட்டு பேரு," என்றார் புகைவீட்டார்.

"இருபத்தேழு, ஒரு மரம்," என்றார் தலைவர். "வேணும்னா மரத்துக்கும் பேரு போட்டுருவோம்."

"அந்த மரத்துக்குப் பக்கத்துலதான்யா நிக்கிறேன்!"

"எங்கப்பா சொல்லியிருக்காரு. நெருப்புத் தள்றவன் நெருப்ப விட்டுட்டு வர முடியாது. நீங்க அன்னிக்குப் புகைவீட்டுக்குள்ள இருந்தீங்க."

"விட்டுட்டுத்தான் வந்தேன்! நெருப்பு ஏறி ஒரு வண்டி ஷீட்டு கொப்புளிச்சுப் போச்சு. அதுக்கு ஆபீசு கிராணி ஒரு வாரம் என்னைய விறகு பொளக்க விட்டாரு. உள்ளங்கை கிழிஞ்சு போச்சு. எதுக்குப் பொளந்தேன்? படத்துல நிக்காமலா பொளந்தேன்?"

"நாங்க என்னண்ணே பண்றது? கண்ணுல தெரிஞ்சா பேரு போடறோம்லா."

தலைவர் போய்விட்டார். புகைவீட்டார் அன்று யாருக்கும் நம்பர் போடவில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தார். அந்த ஸ்டூடியோ மூடி ரொம்ப காலமாகிறது. முதலாளியின் மகன் வீட்டு வாசலில் நாலு நாள் போய் உட்கார்ந்து, பழைய நெகட்டிவ்களைத் தேடி எடுக்க வைத்திருக்கிறார். உள்ளங்கை அகல ஃபிலிம் ஒன்றை எடுத்து ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார். ஷீட்டைப் பார்த்துப் பழகிய கண் ஆயிற்றே.

"இருக்கேன்," என்றார்.

நானும் பார்த்தேன். ஓரத்தில் கண்ணாடி போல ஒன்றுமில்லாத இடம். அதில் ஒரு மூச்சுக்காற்று அளவுக்கு ஏதோ கலங்கல். சத்தியமாக எனக்கு ஆள் தெரியவில்லை. ஆனால் அவர் கண் நான் அடித்த மாப்பிள்ளை படத்தில் பச்சையைக் கண்டுபிடித்த கண். ஸ்கேனரில் வைத்து, அது எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்குமோ அவ்வளவுக்கும் பார்க்க விட்டேன். திரையில் அந்த மூலையை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்கவைத்தேன். ஒரு தோள் வந்தது. தோளில் ஒரு துண்டு வந்தது.

"அண்ணே!" என்று கத்திவிட்டேன்.

பிரிண்ட் போட்டேன். மறுபடியும் கறுப்புத் திட்டு.

"டிவில இருக்கேன், காயிதத்துல இல்லையே," என்றார். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

திரை தன் வெளிச்சத்தில் காட்டுவதைக் காகிதம் காட்டாது. காகிதத்துக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. இருட்டுக்குள் இருட்டைக் காட்ட வேண்டுமென்றால் ஒவ்வொரு சாம்பலும் தனித்தனியாக நிற்க வேண்டும். நானும் மை கூட்டினேன், குறைத்தேன், விரல் அகலத்துக்குத் துண்டு துண்டாக அடித்துக் கொடியில் தொங்கவிட்டேன். ஒன்பது துண்டு. எல்லாம் கரி.

"முதல்லயே நெருப்ப ஏத்தாத," என்றார் அவர். "புது ஷீட்டுக்கு மொத நாள் இளம் புகை. அப்புறம்தான் சூடு. நீ எடுத்த ஒடனே கறுப்ப ஊத்தற."

எனக்குப் புரிந்தது. கறுப்பு மையை அந்த மூலையில் பாதியாகக் குறைத்து, இரண்டு சாம்பல் மையையும் முன்னால் விட்டேன். மையைக் குடித்துவிடும் பருத்திக் காகிதத்தை மாற்றி, மேலே பிடித்து நிறுத்தும் வழவழப்புக் காகிதம் போட்டேன். இதையெல்லாம் எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித் தரவில்லை. பெரிய படத்தை அடித்துக் கொடியில் போட்டோம். உடனே பார்க்கப்போன என் கையில் ஒரு தட்டுத் தட்டினார். "நாளைக்கு."

மறுநாள் புதன்கிழமை. தலைவர் பெயர்ப் பட்டியலோடு வந்து நின்றார். புகைவீட்டார் அவருக்கு முன்னாலேயே வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். படத்தின் பக்கம் திரும்பவில்லை. நான் படத்தைக் கழற்றி ஜன்னலோரம் கொண்டுபோனேன்.

மரத்துக்கு அடியில் ஒரு வாலிபன் நின்றான். சட்டையில்லை. தோளில் துண்டு. உடம்பெல்லாம் கரி, முகமெல்லாம் புகை. நிழலுக்குள் நிழலாக, ஆனால் மூக்கும் தாடையும் நெஞ்செலும்பும் தனித்தனியாக, ஆள் முழுசாக நின்றான்.

கண் இரண்டையும் இறுக்கி மூடியிருந்தான்.

இத்தனை வருஷம் சண்டை போட்டவர், வந்து பார்த்தால் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார். தலைவர் படத்துக்குக் கிட்டே குனிந்தார். வெகு நேரம் பார்த்தார். கை கட்டை அவிழ்த்தார்.

"புகைக்குள்ளேருந்து நேரா வெளிச்சத்துக்கு வந்திருக்கீங்க," என்றார். "அதான் கண்ணு கூசியிருக்கு. நெருப்ப விட்டுட்டுத்தான் வந்திருக்கீங்க அண்ணே."

தலைவர் பேனாவை எடுத்து இருபத்தேழை அடித்து இருபத்தெட்டு என்று எழுதினார். "பேரு என்னான்னு போட?"

"அடையாள அட்டையில உள்ள பேரு யாருக்குத் தெரியும்? புகைவீட்டார்னே போடு."

நான் என் திறமையைக் காட்டாமல் இருக்க முடியுமா? "அண்ணே, ஒரு நிமிசம் குடுங்க. கம்ப்யூட்டர்லயே கண்ணத் தொறந்து விட்டர்றேன். ஒருத்தனுக்கும் தெரியாது."

"நான் மூடுன கண்ண நீ யாருலா தொறக்க?"

எழுந்து வந்து படத்தை வாங்கினார். ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார். மோந்தார். முனையை மடக்கப் போனவர், மடக்கவில்லை.

"ரெண்டாம் நம்பர்."

"இதுக்குமா அண்ணே ரெண்டு?"

"உன் வேலை ஒண்ணாம் நம்பர்தான் தவுக்கே. சரக்குல கொறை. படம் புடிக்கும்போது கண்ண மூடுனது என் குத்தம்."

இன்று அந்தப் படம் மண்டபத்தில் இருக்கிறது. திருவிழாவுக்கு வந்தவர்கள் எல்லோரும் முதலில் வலது ஓரத்தைத்தான் பார்த்தார்கள். கோலாலம்பூரில் பெரிய பெரிய படிப்புப் படித்தவர்கள் இருக்கிறார்கள். இருட்டுக்குள்ளிருந்து ஒரு மனிதனைக் காகிதத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள், பார்க்கலாம். நான் கொண்டுவந்தேன். சரி, நாங்கள் இரண்டு பேரும்.

போன செவ்வாய்க்கிழமை அவர் வரவில்லை. லேசான காய்ச்சல், ஒன்றுமில்லை என்று மகள் சொன்னார். கடையில் ஆறு படம் அடித்துத் தொங்குகிறது. காய்ந்து ஒரு வாரமாகிறது. கேட்டு வந்தவர்களிடம் இன்னும் ஈரம் போகவில்லை என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.