கரி பிடிக்காத பொடி

அன்புள்ள அக்காவுக்கு,

இல்லை, பொறாமை இல்லை. போனில் நீ அதைக் கேட்டதும் வைத்துவிட்டேன், அதனால் எழுதுகிறேன். நீயும் அத்தானும் நலம்தானே. நான் நலம். அவளும் நலம். அதுதான் பிரச்சினை.

அவள், ஆய்வுக்கூடத்தில் என் பக்கத்து மேசைக்காரி. இருவருக்கும் ஒரே வேலை. புரொப்பேன் வாயுவை, உலையில் சூடேற்றிய ஒரு பொடியின் மேல் அனுப்புவோம். பொடி அதிலிருந்து கொஞ்சம் ஹைட்ரஜனைப் பிடுங்கும். மிஞ்சுவது புரொப்பிலீன். உன் குளியலறை பிளாஸ்டிக் வாளி அதிலிருந்துதான் வருகிறது. பொடியில் பிளாட்டினம் இருக்கிறது. பிளாட்டினத்துக்கு நிறுத்தத் தெரியாது. விட்டால் எல்லாவற்றையும் உருவிவிட்டுக் கரியில் போய் நிற்கும். கரி மூடினால் பொடி செத்தது. அதை அடக்க நான் வெள்ளீயம் சேர்த்தேன். அவள் துத்தநாகம். அதுவே நான் அவளுக்கு வைத்திருக்கும் பெயரும்.

நாளை பேராசிரியர் ஒரு பொடியை ஆலைக்குத் தேர்ந்தெடுப்பார். ஒன்றைத்தான்.

போன வாரம் மெக்கானிக் வந்து வாயுக் கசிவை அடைத்துவிட்டுப் போனார், திங்களன்று இரண்டு உலைகளிலும் அவரவர் பொடியைப் போட்டு மூடினோம், மூடினால் சோதனை ஓட்டம் முடியும்வரை திறக்கக் கூடாது, எந்த உலை எவ்வளவு புரொப்பிலீன் தருகிறது என்று திரையில் இரண்டு கோடுகள், என் கோடு மதியச் சாப்பாட்டுக்குள் சரிந்து விழுந்தது, அவள் கோடு இன்றுவரை ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி போகிறது, பேராசிரியர் என்னிடம் "அவளப் பாத்துக் கத்துக்கோம்மா" என்கிறார், நான் வேறெதையும் பார்ப்பதே இல்லை என்று அவருக்கு யார் சொல்வது, கரண்ட் போகாதா என்று வேண்டிக்கொண்டேன், போயிற்று, என் கணினிக்கு மட்டும், அவள் ஓடிவந்து "உன்னுது சீக்கிரமே படுத்துருச்சேப்பா. என் பொடி கொஞ்சம் தரட்டுமா, வச்சுப் பாக்குறியா?" என்கிறாள், குத்திக்காட்டினால்கூடத் தாங்கிக்கொள்வேன் அக்கா, அவள் நிஜமாகவே கேட்கிறாள்.

படிப்பை விட்டுவிடுகிறேன். உன் மாடி அறையை ஒழித்து வை. அத்தானைக் கேட்டதாகச் சொல். உங்கள் யாருக்கும் இப்படி ஒரு பக்கத்து மேசை வாய்க்காதிருக்கட்டும்.

பொறாமையே இல்லாத,
உன் தங்கை

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் ஓட்டம் முடிந்தது. உலைகளைத் திறந்தோம். என் பொடி வெளிர்சாம்பல். அவளுடையது அடுப்புக்கரி. திரை சொன்னதற்கு நேர்மாறு. உலைகளிலிருந்து அளக்கும் கருவிக்குப் போகும் குழாய்களை மெக்கானிக் இடம் மாற்றிப் பூட்டியிருக்கிறார். இத்தனை நாள் நான் வயிறெரிந்தது என் கோட்டைப் பார்த்துத்தான்.

"அப்போ உன்னுதுதான் ஆலைக்குப் போகுது. நான் அப்பவே சொன்னேன்ல, வெள்ளீயம் நல்லா வரும்னு" என்று அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் முகத்தில் தேடினேன். ஒரு துளி எரிச்சல் இல்லை. எப்படி முடிகிறது இவளால்? எனக்கு ஏன் அந்த மனசு வரவில்லை?

மாடி அறை அப்படியே இருக்கட்டும். ஸ்பேனரை எடுத்து, குழாய்களைச் சரியான இடத்துக்கு மாற்றிப் பூட்டினேன். என் வெள்ளீயத்தோடு சேர்த்துப் பார்க்க, அவளிடம் கொஞ்சம் துத்தநாகம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.