மூன்றாவது துண்டு ரூபார்ப் பை

சமையலறைப் பொத்தானை அழுத்தினால் மாடியிலிருந்து மாமியார் பேசினார்.

"என்ன வேணும் வெர்னன்? கொஞ்ச நேரம் கண்ணை மூட விடமாட்டியா?"

வெர்னன் ஹௌகன் சிரித்துக்கொண்டான். இரண்டு கம்பிகள் இடம் மாறியிருக்கின்றன, அவ்வளவுதான். டுலூத் நகரத் தொலைபேசிக் கம்பெனி வேலையை உதறிவிட்டு, வீட்டின் நிலவறையில் உட்கார்ந்து அவன் உருவாக்கிய இன்டர்காம் அது. அறைக்கொரு பெட்டி. நடுவில் இணைப்புக் கொடுக்க ஆள் வேண்டாம். ஒரே சமயத்தில் இரண்டு ஜோடிகள் பேசினாலும் ஒருவர் பேச்சு மற்றவர் காதில் விழாது. அதுதான் அவன் கண்டுபிடிப்பின் பெருமையே.

அதைப் பார்த்து வாங்க சிகாகோவிலிருந்து ஒரு கம்பெனி முதலாளி கிரான்டால் மதியம் வருகிறார். அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால், பழைய மேனேஜர் முன்னால் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

"வேலை செய்யுமா, வெர்ன்?" என்று கேட்டாள் மனைவி ஆர்லீன்.

"செய்யாம? நான் பண்ணினதாச்சே."

நிலவறைக்குப் போய்க் கம்பிகளை மாற்றினான். சமையலறை சரியானது. ஆனால் மாடிப் பெட்டி வாய் மூட மறுத்தது. மாமியார் டாக்னியின் குறட்டை வரவேற்பறையில் உருண்டது. இணைப்பை மாற்றிவிடும் ரிலேயின் சுருள்வில் தளர்ந்திருக்கும் என்று புதிதாக ஒன்றைப் போட்டுப் பற்றவைத்தான். குறட்டை நின்றது, டாக்னி விழித்துக்கொண்டு கீழே வந்துவிட்டதால். ஆனால் இப்போது எல்லா அறைகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. எந்த அறையில் இருமினாலும் வீடே இருமியது.

அப்போதுதான் வாசலில் கார் வந்து நின்றது.

கிரான்டால் பருத்த, சாந்தமான மனிதர். வெர்னன் அவரை வரவேற்பறையில் உட்கார வைத்து, ரூபார்ப் என்ற புளிப்புத் தண்டை வைத்து ஆர்லீன் சுட்ட 'பை' பலகாரத்தைக் கொடுத்து, தன் சாதனத்தைப் பற்றி மூச்சுவிடாமல் விளக்கினான். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியாக ஒரு சின்ன இணைப்பைச் சரிபார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி நிலவறைக்கு ஓடினான். ஒலியை முழுவதுமாக அணைத்துவிடுவதுதான் திட்டம். அவசரத்தில் வேறு கம்பியை உருவிவிட்டான். ஒலி அடங்கவில்லை, இரண்டு மடங்கானது.

சமையலறையில் இருந்த பெண்கள் இருவருக்கும் அது தெரியாது. டாக்னியின் குரல் மற்ற அறைகளிலெல்லாம் கணீரென்று ஒலித்தது.

"மூணாவது துண்டு தின்னுட்டிருக்கான்டி. வாங்கவா வந்தான், திங்கவா வந்தான்?"

"மெதுவாம்மா."

"அந்தப் பெட்டி எங்கே வேலை செய்யுது, அவன் காதுல விழ? காலையிலேர்ந்து இதுவரைக்கும் ஒரு தடவை ஒழுங்காப் பேசல. இதைப் போய் வாங்கறவன் தலையில மூளையா இருக்கும்? உருளைக்கிழங்குதான் இருக்கும்."

நிலவறைப் பெட்டியிலும் அது அப்படியே கேட்டது. வெர்னன் கையிலிருந்த கம்பியைப் போட்டுவிட்டுப் படியை நோக்கி ஓடினான். கிரான்டால் இந்நேரம் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பார் என்று நினைத்தான்.

அதற்குள் மேலே கிரான்டால் பெட்டியில் ஒரு பொத்தானை அழுத்தினார். எல்லா அறைகளிலும் மணி ஒரே நேரத்தில் அலறியது. வீடு தீப்பிடித்துவிட்டது என்று டாக்னி வாளித் தண்ணீரோடு ஓடி வந்தார். கரண்டியோடு ஆர்லீன் வந்தாள். படிகளில் தடுக்கி விழுந்து எழுந்து வெர்னன் வந்தான்.

கிரான்டால் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"என் ஆபீஸ்ல நாள் முழுக்க மணி அடிச்சாலும் ஒருத்தன் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டான்" என்றார். "இங்கே ஒரு பொத்தான், மூணு பேர். எனக்கு இது போதும். வர்ற வாரம் சிகாகோ வந்து கையெழுத்துப் போடுங்க, ஹௌகன்."

வெர்னனுக்குக் கண் கலங்கியது. அத்தனை வசவையும் கேட்டுக்கொண்டு ஒரு மனிதர் முகம் சுளிக்காமல் பலகாரத்தைச் சாப்பிட முடியுமா? அவரைக் காரில் ஏற்றிவிட்டு, மறுபக்கம் போய் டிரைவர் லெஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"உங்க முதலாளிக்கு எவ்வளவு பெரிய மனசு! என் மாமியார் பேசினதையெல்லாம் காதுல வாங்கிட்டும் ஒரு வார்த்தை சொல்லலியே."

லெஸ்டர் வண்டியைக் கிளப்பினான்.

"அவர் எங்கே சார் வாங்கினாரு? காது மெஷினுக்கு பேட்டரி காலையிலேயே தீர்ந்துபோச்சு, இனிமேதான் கடை தேடணும்."