இரண்டு செவ்வாய்க்கிழமையும் அறுபத்து மூன்று ஊசியும்

மல்லாங்கிணறு ஊர்க்காவலன் மாமா அவர்களுக்கு, ஆனைக்குட்டத்திலிருந்து மருமகன் கதிரவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

2021 ஜூலை 10, சனிக்கிழமை, மாலை 4 மணி 47 நிமிடம். கொரோனா ஊசி, எண்ணிக்கை 63. அறுபத்து மூன்றாவது ஆள் உங்கள் அக்கா, என் அம்மா மாடத்தி. இடது கை. இதைச் சொல்லத்தான் கடிதம். நானும் அம்மாவும் நலம், அம்மாவுக்குச் சர்க்கரை மட்டும் இருநூற்றுப் பத்து. நீங்கள் நலமா என்று பரிசோதனை செய்து பார்க்காமல் என்னால் எழுத முடியாது, நான் படித்த லேப் படிப்பு அப்படி. வாட்ஸப்பில் என்னை பிளாக் பண்ணிவிட்டீர்கள், அதனால் தபாலில் வருகிறேன்.

மாமா, பட்டாசுக் கம்பெனியில் அம்மாவோடு ஒரே ரூமில் திரி வெட்டியவர் மே மாதம் இறந்துபோனார். அதற்குப் பிறகும் அம்மா ஊசி போட மாட்டேன் என்றாள். காரணம் நீங்கள். தினமும் சாயங்காலம் போன் போட்டு, "யக்கா, சரக்கு பழசுதான். தீவாளிக்குத் தீவாளி நம்ம கம்பெனிக்காரன் லேபிள மாத்தி விக்கலையா, அந்தக் கதைதான். போன வருசக் கிருமிக்கு டெல்டான்னு லேபிள் ஒட்டி இறக்கிருக்காக" என்று ஓதினீர்கள். அடுத்த நாளே டீக்கடையில் உட்கார்ந்து, அரசாங்கம் ஒழுங்காக இருந்தால் கிருமி எதற்கு மாறுகிறது என்று கேட்டீர்களாம். மாறவே இல்லை என்பதும் நீங்கள்தான், மாறியதற்கு அரசாங்கம் பொறுப்பு என்பதும் நீங்கள்தான். ஏதாவது ஒன்றில் நில்லுங்கள். படுக்கை இல்லை, ரிசல்ட் வர நாலு நாள் ஆனது என்று திட்டுங்கள், நானும் கூடச் சேர்ந்து திட்டுகிறேன். ஆனால் கிருமி என்ன, கலெக்டரிடம் மனுக் கொடுத்துவிட்டா மாறுகிறது?

அம்மா போடவில்லை என்றால் அவளோடு வேனில் போகிற யாரும் போட மாட்டார்கள். வேலை செய்யும்போது ரூமுக்கு நாலு பேர் என்று சட்டப்படி தள்ளித் தள்ளி உட்காருகிறவர்கள், வீட்டுக்கு வரும்போது ஒரு வேனில் முப்பது பேர். வியாழக்கிழமை எங்கள் சுகாதார நிலையத்திலிருந்து பள்ளிக்கூடத்தில் ஊசி முகாம் போட்டோம். வந்தது ரெண்டு பேர். ஒருவர் வாத்தியார். இன்னொருவர் ரேஷன் கார்டில் பெயர் திருத்த வந்தவர், ஊசியைப் பார்த்ததும் பெயர் அப்படியே இருக்கட்டும் என்று போய்விட்டார். குப்பியை உடைத்தால் நாலு மணி நேரத்தில் பத்துப் பேருக்குப் போட்டு முடிக்க வேண்டும். ஒரு வாத்தியாருக்காக எங்கே உடைப்பது, அவரையும் திருப்பி அனுப்பினோம். எங்கள் டாக்டர் இசைவாணி கோபத்தில், சனிக்கிழமையும் இப்படித்தான் என்றால் ஊசிப் பெட்டியைக் காரியாபட்டிக்கு அனுப்பிவிடுவேன் என்று வாசலில் நின்று சத்தமாகவே சொன்னார்.

அதனால்தான் இன்று காலை ஆறேமுக்காலுக்கு வேன் நிற்கிற இடத்துக்கு நான் உங்கள் காலண்டரோடு போனேன். எந்தக் காலண்டர் என்று கேட்காதீர்கள். பிரஸ்ஸில் நீங்கள் மெஷின் ஓட்டிய காலத்தில், ஆவணியில் அடுத்தடுத்த நாளில் ரெண்டு செவ்வாய்க்கிழமை வந்ததே, அதுதான். அம்மா, தம்பி அடித்தது என்று பீரோவில் வைத்திருக்கிறாள். அதைத் தூக்கிப் பிடித்து, கிருமியும் ஒரு பிரஸ்தான், நம் உடம்புக்குள் உட்கார்ந்து தன்னையே லட்சம் காப்பி அடிக்கிறது, லட்சத்தில் ஒன்று இப்படித் தப்பாக விழும், பெரும்பாலும் கழிவுக்குப் போகும், எப்போதாவது ஒன்று கடைக்குப் போய் நல்ல காப்பியைவிட வேகமாக விற்றுவிடும், அதன் பெயர்தான் டெல்டா, தப்பு விழாமல் இருக்க ஒரே வழி மெஷினை ஓட விடாமல் நிறுத்துவது, அதற்குத்தான் ஊசி என்றேன். செல்லப்பாண்டி அண்ணன் மட்டும், அப்போ அந்த ரெண்டு செவ்வாய்க்கு யார் பொறுப்பு என்று கேட்டார். அன்றைக்கும் எங்கள் மாமா கரண்டு ஆபீஸைத்தான் சொன்னார் என்றேன். வேன் முழுக்கச் சிரிப்பு.

மூன்றரைக்கு ரெண்டு வேனும் வீட்டுக்குப் போகாமல் நேராகப் பள்ளிக்கூடத்துக்கு வந்தன. கை கழுவியும் போகாத பட்டாசு மருந்தின் வெள்ளி நிறத்தோடு வரிசையில் நின்றார்கள். இருந்தது ஆறு குப்பி, அறுபது பேருக்கு. அம்மா எல்லோரையும் முன்னால் விட்டுவிட்டுக் கடைசியில் நின்றதால், அறுபதாவது ஊசி போனபோது அவளையும் சேர்த்து மூன்று பேர் மிச்சம். எங்கள் நர்ஸ் ஐஸ்வர்யா ஒவ்வொரு குப்பியையும் தலைகீழாகப் பிடித்து, அடியில் மிச்சமிருந்ததில் முழு அளவாகவே இன்னும் மூன்று எடுத்தார். மூன்றாவது அம்மாவுக்கு. அறிவியல் ஜெயித்தது மாமா. உங்கள் லேபிள் கதை தோற்றது. டீக்கடையில் நாலு பேர் முன்னால் ஒத்துக்கொள்ளுங்கள். அத்தைக்கு என் வணக்கம், உங்கள் பிள்ளை எழிலை நன்றாகப் படிக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஜெயித்த மருமகன்
கதிரவன்

பி.கு.: கவரை ஒட்டும் முன் அம்மா சாப்பாடு போட்டாள். என் காலண்டர் விளக்கம் எப்படி என்று கேட்டேன். "யாருக்கும் ஒண்ணும் விளங்கல. காலங்காத்தால கைய ஆட்டி ஆட்டிப் பேசுனியா, பாவமா இருந்துச்சு" என்றாள். பிறகு தன் போனை எடுத்து, வாட்ஸப்பில் வந்த ஒரு குரல் பதிவைப் போட்டுக் காட்டினாள். கம்பெனி கேட்டில் கொடுத்த போனைத் திருப்பி வாங்கியதும் வேனில் எல்லோரும் கேட்டது அதைத்தானாம். உங்கள் குரல்: "யக்கா, அங்கன வந்த ஊசிய பூராம் காரியாபட்டிக்காரனுக்குத் தூக்கிக் குடுக்கப் போறாகளாம். இந்த அரசாங்கம் என்னைக்கு நம்மளுக்கு ஒழுங்காச் செஞ்சிருக்கு? நம்ம பங்க விடாதீக."

எனவே, மேலே எழுதிய எல்லாவற்றையும் அடித்துவிட்டு, நான் இனிச் செய்யப் போவது:

1. காலண்டரைத் திரும்பப் பீரோவில் வைப்பேன்.

2. ரெண்டாவது ஊசி எண்பத்து நாலாம் நாள், அக்டோபர் 2, கம்பெனி லீவு. அதற்கு முந்தின நாள் சாயங்காலம் உங்களுக்கு நானே போன் போட்டு, பெட்டி இந்தத் தடவை மதுரைக்குப் போகிறது என்று சொல்வேன். அதற்குள் என்னை அன்பிளாக் பண்ணுங்கள்.

3. வருகிற புதன்கிழமை மல்லாங்கிணற்றில் முகாம். நீங்கள் இன்னும் போடவில்லை என்று அத்தை சொன்னார். அன்று காலை உங்கள் டீக்கடையில், இங்கே வந்த ஊசியையெல்லாம் ஆனைக்குட்டத்துக்காரன் அள்ளிக்கொண்டு போகிறான் என்று ஒரு பேச்சைக் கிளப்புவேன். கிளப்பியது யார் என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்தாலும் உங்களால் உட்கார்ந்திருக்க முடியாது மாமா.