தக்க தருணத்தில் வந்த தாய்

குழந்தைகளுக்குக் காய்ச்சல் வருவதை யாராலும் தடுக்க முடியாது. ஆனால் அதற்கு ஒரு வாசகம் எழுதி ஒட்டிவிட முடியும் என்பது சுகாதார விளம்பரப் பிரிவின் அசைக்க முடியாத நம்பிக்கை. அந்த நம்பிக்கையைப் பதினோரு வருடமாகத் தனி ஒருவராகச் சுமந்து வந்தவர் வாசகக்காரர். அலுவலகத்தில் அவருக்கு அதுதான் பெயர்.

முதல் வாசகம், “குழந்தைக்குக் காய்ச்சலா? நொடியும் தாமதியாதீர்!” வெயிலில் ஆடிவிட்டு வந்த பிள்ளைகளையெல்லாம் தூக்கிக்கொண்டு ஊர் திரண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியது. டாக்டர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். உடனே இரண்டாம் வாசகம் பிறந்தது. “எல்லாக் காய்ச்சலும் ஆபத்தல்ல. பதறாமல் பொறுத்திருப்பீர்!” அதன்பிறகு வரவேண்டியவர்களும் வரவில்லை.

“பழசைக் கிழிச்சிடலாமா சார்?” என்று வாசகக்காரர் இயக்குநரைக் கேட்டார்.

“அரசாங்கம் சொன்னதைக் கிழிக்கிறதாவது! பக்கத்துல புதுசு ஒட்டுய்யா.”

இப்படியே ஆறு வாசகங்கள் தோளோடு தோள் உரசிச் சுவரில் நின்றன. ஆறாவதுதான் எல்லாருக்கும் பொதுவானது. “தாமதமும் வேண்டாம், பதற்றமும் வேண்டாம். தக்க தருணத்தில் வருக!” தக்க தருணம் எது என்று விளக்கம் கேட்டு எழுதிய ஒரு டீச்சருக்கு, ‘தங்கள் கடிதம் தக்க தருணத்தில் பரிசீலிக்கப்படும்’ என்று பதில் போனது.

ஒருநாள் மதியம் வாசகக்காரரின் மனைவி போன் செய்தாள்.

“ஏங்க, பாப்பாவுக்கு உடம்பு நெருப்பாக் கொதிக்குது. தண்ணியே இறங்கல. கூப்பிட்டாக் கண்ணைத் திறக்க மாட்டேங்குறா.”

அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். இருந்தாலும் பதினோரு வருடப் பழக்கம் விடுமா?

“இரு இரு, இது எந்த வாசகத்துல வரும்னு பார்த்துச் சொல்றேன்.”

“நீங்க பாருங்க. நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன்.”

அவர் அடித்துப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது குழந்தைக்கு டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. “இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா கஷ்டம்மா” என்றார் டாக்டர். வாசகக்காரர் வராந்தாவிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அவருக்கு இருப்பது அந்த ஒரே பெண்.

மூன்றாம் நாள் பாப்பா எழுந்து பிஸ்கட் கேட்டாள். வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். ஆனால் கவுண்ட்டரில் ஒரு படிவம் காத்திருந்தது.

“எந்த வாசகத்தைப் பார்த்துட்டு வந்தீங்க?” என்றார் எழுத்தர்.

“எதையும் பார்க்கல. பிள்ளையைப் பார்த்தேன், வந்தேன்” என்றாள் மனைவி.

“அதுக்குக் கட்டம் இல்லையேம்மா.”

“அப்ப காலியா விடுங்க.”

“காலியா விட்டா குழந்தை இங்க வரவே இல்லேன்னு ஆயிடும். வராத குழந்தையை நான் எப்படி வீட்டுக்கு அனுப்புறது?”

மனைவி கணவரைப் பார்த்தாள். அந்தப் படிவத்தைத் தயாரித்ததும் அவர்தான்.

“ஆறுன்னு போட்டுக்குங்க” என்று முணுமுணுத்தார்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. ஆறாம் வாசகத்தால் ஓர் உயிர் பிழைத்தது என்று மேலிடம் வரை கோப்பு பறந்தது. இயக்குநர் நேரில் வந்து தாயையும் சேயையும் படம் எடுக்கச் சொன்னார். ஏழாம் வாசகம் ஆளுயரத்தில் தெருவுக்குத் தெரு எழுந்து நின்றது. “நான் தக்க தருணத்தில் வந்தேன். நீங்கள்?”

“நான் எங்கங்க அப்படிச் சொன்னேன்?” என்று முதல் வாரம் மனைவி சண்டை போட்டாள். இரண்டாம் வாரம் நாத்தனார் போன் செய்து, படத்தில் அண்ணி பெரிய டாக்டர் மாதிரி இருப்பதாகச் சொன்னாள். மூன்றாம் வாரத்திலிருந்து அக்கம்பக்கத்துப் பெண்கள் அவளிடம் ஆலோசனை கேட்க ஆரம்பித்தார்கள். அவளும் சொல்ல ஆரம்பித்தாள்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு காலையில் பாப்பாவுக்கு மறுபடி காய்ச்சல். பட்ட அடி வாசகக்காரருக்கு மறக்கவில்லை. சட்டையைக்கூடத் திருப்பிப் போட்டுக்கொண்டு பிள்ளையைத் தூக்கித் தோளில் சாய்த்தார்.

“கிளம்பு. போன தடவை மாதிரியே சுருண்டு படுத்துட்டா. போயிடலாம்.”

“பதறாதீங்க. தெருமுனையில நான் என்ன சொல்லியிருக்கேன்னு ஒரு தடவை பார்த்துட்டுப் போயிடலாம்.”

தெருமுனையில் அவள் படத்துக்கு எதிரே, காய்ச்சல் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நாலைந்து பெண்கள் ஏற்கெனவே அண்ணாந்து நின்றார்கள். இவளைக் கண்டதும் அவர்களுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“அக்கா, நல்லவேளை நீங்களே வந்துட்டீங்க! இப்பப் போறதா, இருக்கிறதா? நீங்களே சொல்லுங்க.”

“கொஞ்சம் இருங்கம்மா, நானும் இப்பத்தானே படிக்கிறேன்” என்றாள் அவள்.