பத்தொன்பதாவது அஞ்சலட்டை

அநியாயத்துக்கு ஆளானவர் என் அம்மா எட்னா. செய்தவர் அப்பா ஹெர்பர்ட். கருவி, அஞ்சலட்டை.

ஜூலையில் எங்கள் ஊர்ப் பஞ்சாலைகள் ஒரு வாரம் மூடும். ஊரே பிளாக்பூல் கடற்கரைக்கு ரயிலேறும். அம்மா மட்டும் வீட்டில், அப்பாவின் பந்தயப் புறாக்களுக்குக் காவல். வருஷம் தவறாமல் அங்கிருந்து அப்பாவின் அட்டை வரும்: “கடல் அருமை. நீயும் இங்கே இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.” ஊர் திரும்பியவர்கள் அதைப் படித்துவிட்டுத் “தங்கமான புருஷன்” என்று உருகுவார்கள். பதினெட்டு வருஷமாக.

இந்த வருஷம், அவர் கிளம்பும் முன்பே, மேசை இழுப்பறையில் அந்த அட்டையைக் கண்டேன். எழுதி, தபால்தலை ஒட்டித் தயாராக இருந்தது. பல்கலைக்கழக விவாத மேடை முழுக்க என் நாக்குக்கு வந்துவிட்டது.

“கடலைப் பாக்காமலே ‘கடல் அருமை’யாப்பா?”

“வருஷா வருஷம் அதே கடல்தானே.”

“அம்மாவைக் கூட்டிட்டுப் போங்க. புறாவை நான் பாத்துக்கறேன்.”

“நீயா? உன் வாதத்தைக் கேட்டா அதுங்க முட்டையிடறதையே நிறுத்திடும்.”

அம்மா அட்டையை வாங்கினார். நிதானமாகப் படித்தார். இன்று வெடிக்கும் என்று காத்திருந்தேன்.

“கையெழுத்து திருந்தியிருக்குங்க,” என்று திருப்பிக் கொடுத்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்பா கிளம்பிப் போன பிறகு, செவ்வாயன்று அட்டை தபாலில் வந்தது. அம்மா மறுபடி படித்தார்.

“பத்தொன்பது தடவை ஏங்கிட்டார் மனுஷன். இனியும் போகலேன்னா பாவம். தொப்பியை எடுடி. அந்தப் புறாக்கூடையையும் எடு.”

பிளாக்பூலில் அப்பா தங்கியிருந்த விடுதியில் மதியச் சாப்பாடு. எங்கள் தெருவே மேசையைச் சுற்றி. அப்பாவின் கரண்டி அந்தரத்தில் நின்றது.

“எட்னா... புறா?”

“கொண்டாந்திருக்கேன்.”

அவருக்கு மூச்சு வந்தது. “கூடை எங்க?”

“வாசல்ல. காலியா இருக்கு. இப்பதான் பறக்கவிட்டேன்.”

பந்தயப் புறாவை எங்கே விட்டாலும் அது நேரே வீட்டுக்குத்தான் பறக்கும். வீட்டில் தீனி போட ஒருவருமில்லை.

“ஒரு மணி நேரத்துல போய்ச் சேர்ந்துரும்,” என்றார் அம்மா. “பசியோட.”

அப்பா என்னைப் பார்த்தார். “நீ போம்மா.”

“நான் போனா அதுங்க முட்டையிடாதேப்பா.”

அடுத்த ரயிலில் அவரே போனார். அவர் நாற்காலியில் அம்மா உட்கார்ந்து, அவர் தட்டிலிருந்த மீனை வெட்டினார்.

மறுநாள் கடற்கரையில் ஒரு அட்டை வாங்கி, என் முதுகில் வைத்து அம்மா எழுதினார்:

“கடல் அருமை. நீங்களும் இங்கே இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.”