இரவல் வாங்கிய மாமா

சட்டம் எழுதுகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஊரிலுள்ள அத்தனை பேரையும் நினைத்து எழுதுவார்கள், தங்களை மட்டும் மறந்துவிடுவார்கள். எனக்கு அந்த வியாதி இருபத்துமூன்று வயதில் வந்தது. வந்த வேகத்திலேயே மாறியும் விட்டது. மருந்துதான் கொஞ்சம் கடுமையாக இருந்தது.

அறுபதுகளின் தொடக்கம். வடமராட்சியிலிருந்து முல்லைத்தீவுப் பக்கம் ஒரு கிராமச் சபைக் கந்தோருக்குக் கிளாக்கராகப் போய்ச் சேர்ந்தேன். கந்தோர் என்றால் ஒரு தகரக் கொட்டகை, இரண்டு கதிரை, ஓர் அலுமாரி, ஒரு டைப்ரைட்டர். அதை அடிக்கத் தெரிந்தவன் அந்த வட்டாரத்திலேயே நான் ஒருவன்தான் என்பதால் எனக்குத் தலைகால் தெரியவில்லை. (சைக்கிளில் போகும்போது மாடு குறுக்கே வந்தால் மாடுதான் விலக வேண்டும் என்று நினைப்பேன். ஒருநாள் மாடு அப்படி நினைக்கவில்லை. முழங்காலில் தழும்பு இன்னும் இருக்கிறது.)

அந்த ஊர் அம்மன் கோவிலில் வைகாசிப் பொங்கல் என்றால் துணுக்காயில் இருந்தும் பூநகரியில் இருந்தும் வண்டில் கட்டிக்கொண்டு சனம் வரும். யாழ்ப்பாணத்துச் சனம் பஸ்ஸில் வரும். அத்தனை பேரும் தங்குவது ஊர்வீடுகளில்தான். விறாந்தை, மால், மாட்டுக்கொட்டில் எல்லாம் அந்த வாரம் வாடகைக்குப் போகும். நான் போவதற்கு முந்தின வருடப் பொங்கலில் தங்கப் போன சனத்துக்கு வயிற்றோட்டம் பிடித்து, ஆஸ்பத்திரிக்கு வண்டில் வண்டிலாகக் கொண்டு போனார்களாம். அதனால் சபையின் சேர்மன் ஐயா என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, வீடுகளை வாடகைக்கு விடுறதுக்கு ஒரு சட்டம் எழுதும். நல்ல இறுக்கமாய் இருக்கவேணும்.”

எழுதினேன். பிறத்தியாரைக் காசுக்குத் தங்கவைக்கும் வீட்டுக்கு அனுமதிப் பத்திரம் வேண்டும். அதற்குக் கக்கூசு இருக்க வேண்டும், கிணற்றுக்குச் சுற்றுக்கட்டு இருக்க வேண்டும், அறைக்கு ஜன்னல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பொங்கல் முடியும்வரை வீட்டைப் பூட்டிவிடலாம். இரக்க குணம் எனக்குக் கொஞ்சம் உண்டென்பதால் உறவினர் தங்குவதற்கு இது பொருந்தாது என்றும் ஒரு வரி சேர்த்தேன்.

அறிவித்தல் ஒட்டிய அன்றே ஊர் முழுவதும் ஒரே குடும்பமாகிவிட்டது. கடற்கரையில் வலை காயப்போட்டிருந்த சூசை அண்ணர், பூணூல் போட்ட ஒருவரைக் காட்டி, “இவர் எனக்குச் சித்தப்பா முறை” என்றார். பூணூல்காரரும் ஓம் என்று தலையாட்டினார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கந்தோருக்கு ஓடிப்போய், உறவினர் என்றால் தாய் தகப்பனும், அவர்களோடு கூடப்பிறந்தவர்களும், அவர்களின் வீட்டாரும்தான், வேறு எவரும் இல்லை என்று திருத்தம் அடித்து ஒட்டினேன். உலகத்தில் ஒருவரும் இதற்குள் புகுந்து தப்ப முடியாது என்று நினைத்துக் கொண்டேன்.

இனி நான் தங்கியிருந்த வீட்டைச் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை வருவேன், வெள்ளிக்கிழமை யாழ்ப்பாணம் போய்விடுவேன். இடையில் பாக்கியமக்கா வீட்டு விறாந்தை அறைதான் என் அரண்மனை. பாக்கியமக்காவின் புருஷன் குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து வந்தவர், காய்ச்சலில் போய்விட்டார். அவர் தன் வீட்டாரை மீறிக் கலியாணம் செய்தவர் என்பதால் செத்த வீட்டுக்குக்கூட அவர் பக்கத்தில் இருந்து ஒரு குஞ்சு வரவில்லை. பாக்கியமக்காவும் மகள் தவமணியும் வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, பொங்கல் வாரத்தில் ஆட்களைத் தங்கவைத்துத்தான் வருடத்தை ஓட்டினார்கள்.

அவ ஆட்களை வைத்திருக்கும் அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். குடிக்கிற தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டுத்தான் கொடுப்பா. பிள்ளைத்தாய்ச்சிகளுக்குச் சுவரோரப் பாய், கிழவர்களுக்கு வாசலோரப் பாய், சண்டைபிடிக்கும் சம்பந்திகளுக்கு நடுவில் நெல்மூட்டை. கக்கூசும் இருந்தது. சுவர்களுக்குச் சுண்ணாம்பும் அடித்திருந்தது. ஊரில் முதல் அனுமதிப் பத்திரம் கிடைக்க வேண்டிய வீடு அது. கிணற்றுக்கு மட்டும் கட்டில்லை.

அறிவித்தலை வாசித்துவிட்டு அன்று அவ எனக்குப் பிட்டு வைத்தபடி கேட்டா.

“தம்பி, கிணறு கட்டினால்தான் ஆக்களை வைக்கலாம். ஆக்களை வைச்சால்தான் நான் கிணறு கட்டலாம். இதை எழுதேக்க உமக்கு ஆர் சோறு தந்தது?”

“சட்டம் எண்டால் எல்லாருக்கும் ஒண்டுதானக்கா” என்றேன். (நினைத்தால் இப்போதும் என் வாயில் நானே அடிக்கலாம் போலிருக்கிறது.) அவ கோபிக்கவில்லை. இன்னொரு அகப்பை பிட்டு வைத்துவிட்டுப் போனா. கதவு நிலையில் நின்ற தவமணி மட்டும் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதுவரை அவள் என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்தப் பார்வைக்குப் பிறகு பேசவே மாட்டாள் என்று தெரிந்துகொண்டேன்.

பொங்கலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, வவுனியாவில் இருந்து உள்ளூராட்சிப் பெரிய துரை ஜீப்பில் வந்து இறங்கினார். இப்படியொரு சட்டம் வேறெங்கும் இல்லை என்று சேர்மன் ஐயா பெருமையடித்து எழுதியிருந்தார். துரை யாழ்ப்பாணத்தவர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைத்தபடி, அறிவித்தலை ஆதியோடந்தமாக வாசித்தார்.

“மெத்த நல்லாய் எழுதியிருக்கிறீர். நீர் எங்கை தங்கியிருக்கிறீர்?”

நான் வாய் திறக்குமுன் சேர்மன் ஐயா உற்சாகமாகச் சொன்னார்.

“உதிலை, பாக்கியத்தின்ர வீட்டிலைதான். வாடகைக்கு.”

“பத்திரம் இருக்கோ அந்த வீட்டுக்கு?”

சேர்மன் ஐயா என்னைப் பார்த்தார், நான் அலுமாரியைப் பார்த்தேன். “போய்ப் பாப்பம்” என்று துரை ஜீப்பில் ஏறினார். சின்ன ஊர்தான். இருந்தாலும் அந்த ஜீப் ஓட்டம் எனக்குக் கொழும்புக்குப் போனதுபோல நீண்டது. என் வேலை போய்விடும் என்று முதலில் நினைத்தேன். பாதி வழியில்தான் மண்டையில் ஏறியது: என்னை வைத்திருந்த குற்றத்துக்கு வீட்டையல்லவா பூட்டுவார்கள்! மூன்று குடும்பம் ஏற்கெனவே பொங்கலுக்கு இடம் சொல்லி வைத்திருந்தது. அவர்களைத் திருப்பி அனுப்பினால் தாயும் மகளும் அடுத்த பொங்கல்வரை அரைவயிற்றோடு கிடக்க வேண்டும். அதுவும் அவர்கள் கையால் சாப்பிட்ட நான் எழுதிய சட்டத்தால்.

துரை முற்றத்தில் நின்று கிணற்றைப் பார்த்தார். பிறகு பாக்கியமக்காவைப் பார்த்தார்.

“இந்தக் கிளாக்கர் உங்களுக்கு ஆர்?”

பாக்கியமக்கா என்னைப் பார்த்தா. பொய் சொன்னால் எனக்குப் பாதகமோ, உண்மை சொன்னால் எனக்குப் பாதகமோ என்று அந்த மனுசி யோசிப்பது முகத்தில் தெரிந்தது. வீடு போகப் போகிற நேரத்திலும் அவ யோசித்தது என்னைப் பற்றி.

“இவா எனக்கு மாமி” என்றேன். “எங்கட அம்மாவின்ர கூடப்பிறந்த தமையன்தான் இவாவின்ர அவர்.”

சேர்மன் ஐயா கண்ணை விரித்தார். “அப்ப ஏன் காணும் ‘அக்கா, அக்கா’ எண்டு கூப்பிடுறனீர்?”

“அது... ஒரு செல்லத்துக்கு.”

துரை மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்துப் படலையைத் திறந்துகொண்டு, ஒரு கையில் பொங்கல் பானையும் மறுகையில் பையுமாக உள்ளே வந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? என்னைப் பெற்ற தாய். பொங்கலுக்கு நேர்த்தி வைத்திருந்தவ, பஸ்ஸில் வந்து, விசாரித்து விசாரித்துச் சரியான வீட்டுக்கே வந்து சேர்ந்திருந்தா. எங்கள் அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர்கள் நாலு பேர். நாலும் பெண்கள். ஓர் ஆண்பிள்ளைக்காகத் தவமிருந்து பார்த்துத் தோற்றுப்போன குடும்பம் அது.

“அம்மா!” என்று என்னையறியாமல் கத்திவிட்டேன். சேர்மன் ஐயா ஓடிப்போய்ப் பையை வாங்கினார்.

“வாங்கோ வாங்கோ! தமையன்ர வீட்டை இப்பதான் வாறியளோ? அவர் போய் எவ்வளவு காலம்!”

அம்மா சேர்மனைப் பார்த்தா. துரையைப் பார்த்தா. வேர்த்து ஒழுகிக்கொண்டிருந்த என்னைப் பார்த்தா. சேலைத் தலைப்பைப் பிசைந்துகொண்டு நின்ற பாக்கியமக்காவைப் பார்த்தா. கடைசியாகச் சுவரில் விளக்கின் முன்னால் இருந்த படத்தைப் பார்த்தா. பானையை மெல்ல நிலத்தில் வைத்தா.

“ஐயோ என்ர அண்ணை! உன்ர முகத்தைப் படத்திலை பாக்கவோ நான் இவ்வளவு தூரம் வந்தனான்! உன்ர பெஞ்சாதி பிள்ளையைத் தனிய விட்டிட்டு எப்பிடிப் போனனீ!”

பள்ளிக்கூட நாடகத்தில் நடித்த மேதைகளை நான் பார்த்திருக்கிறேன். ஒருவரும் எங்கள் அம்மாவின் கால்தூசுக்கு வரமாட்டார்கள். நெஞ்சில் அடித்துக்கொண்டு, தெரியாத ஒரு மனிதரின் நல்ல குணங்களை எல்லாம் சொல்லிச் சொல்லி அழுதா. பாக்கியமக்கா கொஞ்ச நேரம் மலைத்துப் போய் நின்றா. பிறகு ஓடிப்போய் அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டா. அந்த அழுகையில் நடிப்பு இல்லை. அந்த மனிதருக்காக அவர் பக்கத்தில் இருந்து ஒருவர் வந்து அழுவது அன்றுதான் முதல் தடவை. அம்மாவுக்கும் அது விளங்கியிருக்க வேண்டும், ஏனென்றால் பாதியிலிருந்து அவவும் உண்மையாகவே அழுதா. எனக்கும் கண் கலங்கிவிட்டது. துரை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

அழுகையோடு அழுகையாகப் பாக்கியமக்கா கிணற்றுக் கதையையும் அம்மாவின் காதில் போட்டிருக்க வேண்டும். அழுது முடிந்ததும் அம்மா மூக்கைச் சிந்திவிட்டுத் துரை பக்கம் திரும்பினா.

“கிணத்துக்குக் கட்டில்லை எண்டு சொல்லி என்ர அண்ணையின்ர வீட்டைப் பூட்டப் போறியளோ? இப்பிடிச் சட்டம் எழுதின குருடன் ஆர்?”

சேர்மன் ஐயாவின் விரல் என் பக்கம் நீண்டது.

“அப்பவே நினைச்சன்” என்றா அம்மா. “கட்டிறதுக்குத் தவணை குடுங்கோவன். அதுமட்டும் சுத்திவரத் தடி நட்டு வேலி அடிச்சால் பிள்ளையள் விழாதுகள்தானே?”

துரை கிணற்றைச் சுற்றி ஒருதரம் நடந்தார். “அம்மா சொல்லுறது நியாயம். கிளாக்கர், எழுதும். கட்டில்லாத கிணத்துக்கு இந்தப் பொங்கலுக்கு மரவேலி போதும். கட்டு அடுத்த பொங்கலுக்கு முதல் கட்டவேணும். இந்த வீட்டுக்கு இண்டைக்கே பத்திரம் குடும். வேலியை நீரே அடியும்.” ஜீப்பில் ஏறும்போது என் காதோரமாக, “உறவு தெளிவாய்த்தான் இருக்கு” என்றார். அவர் சிரித்தாரா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஜீப்பின் புழுதி அடங்கியதும் அம்மா என் காதைப் பிடித்தா.

“எந்த அண்ணைக்கடா நான் அழுதனான்?”

நடந்ததைச் சொன்னேன். பாக்கியமக்கா சிரித்து, பிறகு அழுது, பிறகு இரண்டையும் சேர்த்துச் செய்தா. நான் கோடரியோடு காட்டுக்குப் போய்ப் பாலைத்தடி வெட்டிவந்து, உள்ளங்கை முழுவதும் கொப்புளத்தோடு வேலி அடித்தேன். பேனை பிடிப்பதைவிட அது கடினமான வேலை. அந்தப் பொங்கலுக்கு வீடு நிறையச் சனம் வந்தது. அந்த வருடம் ஊரில் ஒருவருக்கும் வயிற்றோட்டம் வரவில்லை என்பதையும் சட்டத்தின் சார்பில் சொல்லிவிடுகிறேன்.

நான் வேலியடித்துக்கொண்டு நிற்கும்போது தவமணி ஒரு செம்பில் மோர் கொண்டுவந்தாள். அவள் என்னோடு பேசிய முதல் பேச்சு அது.

“அம்மாவைச் சின்னம்மா எண்டு சொல்லியிருக்கலாமே? அதுவும் உங்கட சட்டத்துக்குள்ளைதானே வரும். ஏன் மாமி எண்டனீங்கள்?”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சின்னம்மா என்றால் அவள் எனக்குத் தங்கைமுறை. ஒரு வில்லங்கமும் இல்லை. நாலு சகோதரிகள் உள்ள அம்மாவுக்கு ஐந்தாவதாக ஒரு சகோதரியைக் கண்டுபிடிப்பது எவ்வளவு சுகம்! மாமி என்றதால் அவள் ஊரறிய எனக்கு மச்சாள் ஆகிவிட்டாள். அம்மாவும் அதையே பிடித்துக்கொண்டா. “ஊருக்கு முன்னாலை அண்ணை எண்டு அழுதிட்டன். அவன்ர பெட்டையை மருமகளாய் எடுக்காமல் விட்டால் சனம் என்னைத்தான் பேசும்” என்று சொல்லி, ஆவணியில் தாலி கட்டவைத்துவிட்டா. அதன்பிறகு அந்த அண்ணையின் திவசம் ஒன்றுக்குக்கூட அவ வராமல் விட்டதில்லை.

தவமணியின் கேள்விக்கு மட்டும் நான் இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பிள்ளைகள் கேட்டார்கள், மருமக்கள் கேட்டார்கள். பயம், வெயில், வாய்தவறி வந்தது என்று ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று சொன்னேன். போன கிழமை பேத்தியும் கேட்டாள்.

“பயத்திலை சொன்னது பிள்ளை. கண் முன்னாலை ஒண்டும் தெரியேல்லை.”

குசினிக்குள் இருந்து என் மனைவியின் குரல் வந்தது.

“பயந்த மனிசன்தான். ஆனால் மாமி எண்டு சொல்ல முதல், கதவடியில நிண்ட என்னை ஒருக்கா வடிவாய்ப் பாத்திட்டுத்தான் சொன்னவர்.”