அரை நிமிஷம் பிந்திய மனைவி

வாசலில் கேமரா வைத்தே தீருவது என்று பிழைதிருத்துநர் முடிவெடுத்துவிட்டார்.

அடுத்தவர் எழுத்தில் பிழை பார்ப்பதுதான் அவர் பிழைப்பு. வேலை வீட்டிலேயே. உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு மட்டும் வருஷத்துக்கு ஒரு திருத்திய, விரிவாக்கிய பதிப்பு கண்டது. "ஒரு மாசத்துல நாலு கிலோ குறையணும்" என்றார் டாக்டர். "குறையலேன்னா எங்க அண்ணன்கிட்ட ஒப்படைச்சுடுவேன்" என்றாள் மனைவி. அந்த அண்ணன் விளையாட்டு வாத்தியார். அவரோடு விடியற்காலையில் ஓடப் போனவர்கள் யாரும் தங்கள் காலால் நடந்து திரும்பியதாகச் சரித்திரமே இல்லை.

ஆகவே ஹாலுக்கு ஓர் உடற்பயிற்சி சைக்கிள் வந்தது. தினமும் மாலை ஒரு மணி நேரம் மிதிக்க வேண்டும். மனைவி மருந்துக்கடை வேலை முடிந்து வரும்போது அவர் சைக்கிளில் இருந்தால் போதும். ஆனால் அவள் ஐந்துக்கும் வருவாள், நாலேகாலுக்கும் வந்து நிற்பாள்.

"காலம் கெட்டுக் கெடக்கு. வாசல்ல யார் வர்றா, யார் போறான்னு தெரிய வேண்டாமா?"

"தாராளமா வைங்க."

கேமராக்காரர் ஏணியில் நின்றபடியே கேட்டார். "சார், படம் போனுக்கு எப்படி வரணும்? ஒரு வழியில நடக்கிறது அப்படியே உடனே வரும். ஆனா உங்க வீட்டு நெட்டுக்குப் படம் மங்கலாத்தான் இருக்கும். இன்னொரு வழி, துண்டு துண்டா சேர்த்து வெச்சு அனுப்பும். படம் பளிச்சுனு இருக்கும். ஆனா அரை நிமிஷம் லேட்."

"எனக்கு உடனே வர்றதைப் போடுங்க. பளிச்சுனு இருக்கிறது அவளுக்கு."

"நல்லதை எனக்குக் குடுத்துட்டு மங்கலை நீங்க எடுத்துக்கிறீங்களா?" மனைவி உருகிப்போனாள்.

"உனக்காக இதுகூடச் செய்ய மாட்டேனா?"

பத்து நாள் ராஜ வாழ்க்கை. சோபாவில் படுத்துக்கொண்டு வயிற்றின் மேல் போனை வைத்திருப்பார். கேட்டருகே மனைவி நிறத்தில் ஒரு மங்கல் தெரிந்ததும் துள்ளி எழுந்து, பாட்டில் தண்ணீரை நெற்றியில் தெளித்து, சைக்கிளில் ஏறி 'புஸ் புஸ்' என்று மூச்சு விடுவார்.

ஒருநாள் அவள் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "என்னங்க, வேர்வை ஜில்லுனு இருக்கு?"

"உள்சூடெல்லாம் வெளியேறிடுச்சுன்னு அர்த்தம்."

மருந்துக்கடையில் வேலை பார்ப்பவளிடமே வைத்தியம்! அவள் ஃபிரிட்ஜைத் திறந்து, குறைந்திருந்த பாட்டிலை ஒரு பார்வை பார்த்துவிட்டு மூடினாள்.

சனிக்கிழமை அவர் குளித்துக்கொண்டிருந்தபோது கேமராக்காரர் தூசி துடைக்க வந்து போனதாக மனைவி சொன்னாள். அதிலிருந்து பிழைதிருத்துநரின் போனில் படம் கண்ணாடி மாதிரி. துடைத்த துடைப்புதான் என்று மகிழ்ந்துபோனார்.

திங்கட்கிழமை. சோபா. வயிற்றின் மேல் பிஸ்கட் டப்பா. போனில் கேட் திறந்தது. மனைவி அத்தனை தெளிவாக வந்தாள். கம்மல் கல்லைக்கூட எண்ணலாம். எழுந்திருக்கவே தோன்றவில்லை.

"அட, நம்ம பொண்டாட்டி அழகாத்தான் இருக்கா!"

"ரொம்ப சந்தோஷம்" என்றது தலைமாட்டில் ஒரு குரல்.

திரும்பினார். கைப்பையோடு மனைவி நின்றாள். போனிலோ அவள் இன்னும் கேட்டுக்குத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டிருந்தாள். ஒருத்தியையே சமாளிக்க முடியாதவருக்கு ஒரே நேரத்தில் இரண்டு பேர்.

"நீ... நீ இன்னும் உள்ளயே வரலையே!" என்று போனைக் காட்டினார்.

"அவ வர்றதுக்குள்ள டப்பாவை என்கிட்ட குடுத்துடுங்க."

கொடுத்தார். "உங்க அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிடாதே" என்று கெஞ்சினார்.

"சொல்லலை" என்றாள். சொல்லவும் இல்லை. மறுநாள் காலை, வாசல் கேமரா ஹாலுக்குக் குடிவந்து சைக்கிளைப் பார்த்தபடி உட்கார்ந்தது. அவ்வளவுதான்.

மாலையில் அவர் ஏறி மிதித்தார். ஐந்தே நிமிஷத்தில் நாக்குத் தள்ளியது. இந்நேரம் கடையில் கூட்டம் நெரியும், இவளுக்குப் போனைப் பார்க்க ஏது நேரம்? காலைத் தொங்கப்போட்டார். சுகமாக இருந்தது.

போன் அடித்தது. ஊரிலிருந்து அக்கா.

"ஏன்டா தம்பி நிறுத்திட்ட? மிதி. அப்படியே கொஞ்சம் இடதுபக்கம் நகர்ந்து உக்காரு, சித்தப்பாவுக்குச் சரியாத் தெரியலையாம்."